கேஷுவாலிட்டி டாக்டரை வேலைக்கு நடுவில் கூப்பிட்டால் என்ன ஆகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அரசு ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிகளில் இரவும் பகலும் டியூட்டி பார்த்திருக்கிறேன். நோயாளியோடு வருகிறவர்கள், புதிதாக டியூட்டிக்கு வருகிற ஹவுஸ் சர்ஜன்கள் (பயிற்சி டாக்டர்கள்), ஸ்டாஃப் நர்ஸ்கள் என்று பலரும் என்னிடம் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். இதில் எனக்கு அழுத்தமான கருத்து ஒன்று உண்டு. டாக்டரை யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்துக் கோபப்படுவதில் பயனில்லை. எந்த நேரத்தில் கூப்பிடுகிறார்கள், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அங்கே வேறு ஆள் இருந்தாரா என்றுதான் பார்க்க வேண்டும்.

குறுக்கீடு என்று எதைச் சொல்கிறீர்கள்?

கையில் இருக்கிற வேலையை டாக்டர் நிறுத்தும்படியோ, பாதிக் கவனத்தை வேறு பக்கம் திருப்பும்படியோ செய்கிற எதுவும் குறுக்கீடுதான். "சார், அஞ்சாம் பெட்டுக்கு ட்ரிப் முடிஞ்சிடுச்சு", "மேடம், இந்த ஈ.சி.ஜி.யை ஒரு பார்வை பாருங்க", ஸ்கேன் அறையிலிருந்து போன், கையெழுத்துக்காக நிற்கிற காவலர், "நம்ம ஆளு ஒருத்தர் வந்திருக்கார், கொஞ்சம் கவனிங்க" என்று ஒரு பெரிய மனிதரின் போன், பக்கத்துப் பெட்டில் மானிட்டர் அலாரம், சட்டைப் பையில் அதிர்கிற செல்போன், எல்லாம் சேர்த்தி. கேட்கிறவருக்கு ஒவ்வொன்றும் அரை நிமிட வேலை, ஆனால் அவர் ஒருவர் மட்டும் கேட்கவில்லை.

அரை நிமிஷம் பேசினால் என்ன குறைந்துவிடப் போகிறது?

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பூச்சிமருந்து விஷத்தோடு வருகிறவர்கள் நம் இரண்டு மாவட்டத்திலும் அதிகம். அவர்களுக்கு அட்ரோபின் ஊசி போடுகிறோம். ஒரு ஆம்பியூலில், அதாவது ஒரு சின்னக் கண்ணாடி மருந்துக் குப்பியில், 0.6 மில்லிகிராம் இருக்கும். முதலில் 3 முதல் 5 ஆம்பியூல் போடுவோம். 5 நிமிடம் கழித்து நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துச் சளி இரைச்சல் குறைந்ததா, நாடி 80-ஐத் தாண்டியதா, பிரஷர் ஏறியதா என்று பார்க்க வேண்டும். போதவில்லை என்றால் முன்பு போட்டதில் இரண்டு மடங்கு. மறுபடி 5 நிமிடம், மறுபடி பார்ப்பது, தேவைப்பட்டால் மறுபடி இரண்டு மடங்கு. இந்த நேரம் முழுக்க டாக்டர் தலைக்குள் மூன்று விஷயம் ஓடிக்கொண்டே இருக்கும்: கடைசியாகப் போட்டது எவ்வளவு, எத்தனை மணிக்குப் போட்டோம், போன தடவை நெஞ்சு எப்படிக் கேட்டது.

இதற்கு நடுவில் ஒருவர் வந்து "சார், எங்க அப்பாவுக்கு எக்ஸ்ரே எழுதினீங்களே, எங்க போகணும்?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி, டாக்டரும் திரும்பி வழி சொல்கிறார். மறுபடி இந்தப் பக்கம் திரும்பும்போது கடைசியாகப் போட்டது 6 ஆம்பியூலா 12 ஆம்பியூலா என்று ஒரு கணம் தடுமாறுகிறார், தட்டில் கிடக்கிற உடைந்த ஆம்பியூல்களை நர்ஸும் அவரும் சேர்ந்து எண்ணுகிறார்கள். மருந்து குறைந்துபோனால் நோயாளி தன் சளியிலேயே மூச்சுத் திணறுவார். கூடிப்போனால் உடம்பு கொதிக்கும், நினைவு தப்பிப் பிதற்றுவார், இதயம் தாறுமாறாக ஓடும். அந்த அரை நிமிடத்தில் நஷ்டமானது நேரம் மட்டும் இல்லை, தலைக்குள் இருந்த கணக்கும் போய்விட்டது.

இதை ஆய்வுக்கூடத்திலும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆல்ட்மன், டிராஃப்டன், ஹேம்ப்ரிக் என்ற மூவர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், வரிசை தவறாமல் செய்ய வேண்டிய ஒரு வேலையை மாணவர்களிடம் கொடுத்து நடுநடுவே குறுக்கிட்டார்கள். சராசரியாக 2.8 விநாடி குறுக்கீட்டுக்கே வரிசைத் தவறு இரண்டு மடங்கானது, 4.4 விநாடிக்கு மூன்று மடங்கானது. "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லி முடிக்கவே கிட்டத்தட்ட அந்த நேரம் ஆகிவிடும்.

ஒரு டாக்டருக்கு ஒரு மணி நேரத்தில் எத்தனை குறுக்கீடு வரும்?

அமெரிக்காவில் சிஷோம் குழுவினர் மூன்று அவசரப் பிரிவுகளில் டாக்டர்களின் கூடவே நின்று எண்ணி, 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். 180 நிமிடத்தில் சராசரியாக 30.9 குறுக்கீடு. அதில் 20.7 தடவை டாக்டர் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வேறு வேலைக்கே போக வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு அதே குழு சாதாரணக் கிளினிக் டாக்டர்களோடு ஒப்பிட்டபோது, அவசரப் பிரிவில் மணிக்கு 9.7, கிளினிக்கில் 3.9. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ஜோஹன்னா வெஸ்ட்புரூக் குழுவினர் 40 டாக்டர்களை 210 மணி நேரம் கவனித்து 2010-இல் எழுதியதில் மணிக்கு 6.6.

அங்கே யாரை முதலில் பார்ப்பது என்று தரம் பிரிக்க (ட்ரையாஜ்) தனி நர்ஸ், விவரம் சொல்லத் தனி ஆள், போன் எடுக்கத் தனி கிளார்க் என்று பல கைகள் உண்டு, அப்படியிருந்தும் இவ்வளவு. தொப்பூர் கணவாயில் இரண்டு லாரியும் ஒரு காரும் மோதிய இரவில் நம் கேஷுவாலிட்டி வாசல் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை.

குறுக்கீட்டால் தவறு நடக்கிறது என்று நிரூபித்திருக்கிறார்களா?

ஓரளவு தெளிவாகவே. அதே சிட்னி ஆய்வில், குறுக்கீட்டுக்கு ஆளான வேலைகளில் 18.5 சதவீதத்துக்கு டாக்டர்கள் திரும்பி வரவே இல்லை. திரும்பி வந்த வேலைகளையும் வழக்கத்தைவிடச் சுருக்கமாக முடித்துவிட்டார்கள். இழந்த நேரத்தைப் பிடிக்க அவசரப்பட்டு எதையோ விட்டிருக்கலாம் என்று அவர்கள் சொல்கிறார்கள், எனக்கும் அதுதான் படுகிறது. முதுகுப் பக்கம் திருப்பிப் பார்க்காமல் விட்ட காயம், கேட்காமல் விட்ட அலர்ஜி விவரம் எல்லாம் இப்படித்தான் நழுவும்.

2018-இல் அதே குழு இன்னொரு ஆய்வை வெளியிட்டது. மருந்து எழுதும்போது குறுக்கிட்டால் எழுதுவதில் தவறு 2.8 மடங்கு, ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்த்தால் 1.86 மடங்கு. அந்தத் தவறுகளில் பெரும்பாலானவை எழுதும் முறை சார்ந்தவை, நோயாளிக்கு நேரடி ஆபத்து தருகிறவை குறைவு, இதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஆபத்தான வகைத் தவறுகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது: வழக்கத்தைவிடக் குறைவாகத் தூங்கிவிட்டு வந்த டாக்டர்களிடம் அவை 15 மடங்குக்கும் மேல். தூக்கமில்லாத தலையோடு, அதற்கு மேல் குறுக்கீடும் வாங்கிக்கொண்டு இருக்கிற ஹவுஸ் சர்ஜனை நினைத்தால் எனக்கு அவர் மீது கோபம் வருவதில்லை, டியூட்டி பட்டியல் போடுகிறவர்கள் மீதுதான் வருகிறது.

நோயாளியோடு வருகிறவர்கள்தான் இதற்குக் காரணம் என்கிறார்களே?

இல்லை. இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். நின்று எண்ணிப் பாருங்கள், டாக்டரை அதிகம் கூப்பிடுவது ஆஸ்பத்திரிக்கு உள்ளே இருக்கிறவர்கள்தான். கையெழுத்து, ஈ.சி.ஜி., "எந்த வார்டு?", "ரெஃபர் லெட்டர் போட்டாச்சா?", "ரத்தம் எந்தக் குரூப்?", லேப் போன், வார்டு போன். இதில் பாதிக்கு டாக்டர் தேவையே இல்லை, எழுதி ஒட்டிய ஒரு தாளோ விவரம் தெரிந்த ஒரு ஆளோ போதும்.

உறவினர்கள் ஏன் உள்ளே வருகிறார்கள்? அஞ்செட்டியிலிருந்தோ சித்தேரி மலையிலிருந்தோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த அம்மாவுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. பத்து நிமிடம், இருபது நிமிடம், கதவு திறந்து மூடுகிறது, வெள்ளைக் கோட்டுகள் ஓடுகின்றன. வேறு யாரைக் கேட்பது என்று தெரியாததால் டாக்டரைக் கேட்கிறார், நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். கிருஷ்ணகிரி பக்கம் இன்னொன்று உண்டு: தேன்கனிக்கோட்டை, ஓசூர் பகுதியில் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறவர்கள் நிறைய, ஓசூர்த் தொழிற்சாலைகளில் வேலை செய்கிற வடமாநிலத் தொழிலாளர்கள் இந்தி மட்டும் பேசுவார்கள். சொன்னது புரியவில்லை என்றால் ஒரே கேள்வி மூன்று தடவை வரும். அந்த மொழி தெரிந்த ஒரு அட்டெண்டரோ செக்யூரிட்டியோ வாசலில் இருந்தால் உள்ளே டாக்டருக்கு எவ்வளவோ மிச்சம்.

அப்படியானால் எதற்குமே கூப்பிடக் கூடாதா?

கூப்பிட வேண்டும், சில விஷயங்களுக்குச் சத்தம் போட்டே கூப்பிட வேண்டும். மூச்சு வாங்குவது திடீரென்று கூடினால், பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டால், வலிப்பு வந்தால், கட்டுக்கு மேல் ரத்தம் ஊறி வந்தால், உடம்பு ஜில்லென்று வியர்த்தால், குழந்தை துவண்டு போனால், ஊசி போட்ட பிறகு உடம்பெல்லாம் தடித்து அரித்தால், பாம்பு கடித்தவருக்கு இமை சொருக ஆரம்பித்தால் யோசிக்காமல் கூப்பிடுங்கள், பக்கத்தில் இருக்கிற நர்ஸையோ டாக்டரையோ யாரையாவது. உயிரைக் காப்பாற்றுகிற குறுக்கீடு இது. இப்படிக் கூப்பிட்டதற்காக யாராவது முகம் சுளித்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

நெஞ்சுவலி ஈ.சி.ஜி.யும் இந்த வகைதான். நெஞ்சுவலி என்று வந்தவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்து டாக்டர் பார்த்துவிட வேண்டும் என்பது உலகெங்கும் ஒத்துக்கொண்ட விதி. அதனால் நர்ஸ் அந்தத் தாளை நீட்டினால் டாக்டர் கையில் இருப்பதைப் பத்திரமாக நிறுத்தி வைத்துவிட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

டாக்டர் உட்கார்ந்து எழுதிக்கொண்டுதானே இருக்கிறார், அப்போது கேட்கலாமா?

மருந்துச் சீட்டு எழுதும் நேரம்தான் கேட்கக் கூடாத நேரம். சும்மா உட்கார்ந்திருப்பது போலத் தெரியும், ஆனால் எடைக்கு ஏற்ற டோஸ், ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரை, கிட்னி நிலை எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். பேனா கீழே வைக்கும் வரை பொறுங்கள்.

பாம்புக்கடியில் குறுக்கீடு எப்படிப் பாதிக்கும்?

நம் பக்கத்துக்கு இது முக்கியமான கேள்வி. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடித்தால் ரத்தம் உறையாமல் போகும். அதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம், சுத்தமான, காய்ந்த கண்ணாடி டியூபில் 2 மில்லி ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்த்தால் போதும். உறையவில்லை என்றால் விஷமுறிவு மருந்து உடனே தொடங்க வேண்டும்.

எளிய டெஸ்ட்தான், ஆனால் அதில் ஒரு சிக்கல்: 20 நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும் என்று யாராவது நினைவில் வைத்திருக்க வேண்டும். அந்த 20 நிமிடத்துக்குள் ஒரு விபத்து கேஸ், இரண்டு போன், ஒரு வலிப்பு வந்துவிட்டால் டியூப் மேஜையில் முக்கால் மணி நேரம் நிற்கும், யாரும் கவனக்குறைவானவர்கள் இல்லை என்றாலும் நிற்கும். நடுவில் யாராவது ஆர்வத்தில் ஆட்டிப் பார்த்துவிட்டால் டெஸ்டே கெட்டுப்போய், மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும்.

இதற்கு எளிய வழி இருக்கிறது. ரத்தம் எடுத்த நேரத்தையும் பார்க்க வேண்டிய நேரத்தையும் பிளாஸ்டரில் எழுதி டியூப் மேலேயே ஒட்டுங்கள். செல்போனில் 20 நிமிட அலாரம் வையுங்கள். இன்னார் பார்க்கிறார் என்று ஒரு பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள். முதல் டெஸ்டில் ரத்தம் உறைந்திருந்தாலும் விஷயம் முடிந்துவிடவில்லை, மறுபடி மறுபடி பார்க்க வேண்டியிருக்கும், அந்த நேரங்களையும் கேஸ் ஷீட்டின் மேலேயே எழுதிவிட்டால் அடுத்த ஷிஃப்டில் வருகிறவர் தேட வேண்டாம்.

போலீஸ் கேஸ் என்றால் முதலில் ஏ.ஆர். என்ட்ரி (விபத்துப் பதிவேட்டில் பதிவு) போட்ட பிறகுதான் சிகிச்சையா?

இல்லவே இல்லை. 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: உயிரைக் காப்பது முதல் கடமை, காவல்துறை நடைமுறை அதற்குத் தடையாக இருக்கக் கூடாது. விபத்து, அடிதடி, விஷம், தீக்காயம் எல்லாவற்றுக்கும் ஏ.ஆர். புத்தகத்தில் பதிய வேண்டும்தான், கவனமாகவும் பதிய வேண்டும், பின்னால் கோர்ட்டில் நிற்கப்போவது அந்த எழுத்து. அதனால்தான் நடுவில் அவசரமாக எழுதக் கூடாது என்கிறேன். முதல் கட்ட சிகிச்சை முடிந்து, ஒரு பத்து நிமிடம் யாரும் கூப்பிடாத இடத்தில் உட்கார்ந்து எழுதட்டும். இடது கை, வலது கை மாறிப்போன ஏ.ஆர். என்ட்ரி குடும்பத்தை வருடக்கணக்கில் அலைய வைக்கும்.

சத்தம் போட்டால்தான் கவனிக்கிறார்கள், அமைதியாக இருந்தால் விட்டுவிடுகிறார்கள், இது உண்மையா?

சில நேரம் அப்படி நடக்கிறது, மறுக்க மாட்டேன். அது அமைதியாக இருப்பவருக்குச் செய்யும் அநியாயம். அரூர் பக்கத்து வயதான விவசாயி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பார், கை விரலில் சின்ன வெட்டோடு வந்த இளைஞருக்காக ஐந்து பேர் கத்திக்கொண்டிருப்பார்கள். தமிழ்நாட்டில் டி.ஏ.இ.ஐ. என்கிற விபத்து, அவசர சிகிச்சைத் திட்டம் வந்த பிறகு சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைத் தரம் பிரிக்கிறார்கள். சிவப்பு என்றால் உடனே, மஞ்சள் கொஞ்சம் பொறுக்கலாம், பச்சை காத்திருக்கலாம். அதைச் சரியாகச் செய்து, "உங்களுக்குப் பச்சை, இவ்வளவு நேரம் ஆகும், நடுவில் இப்படி ஆனால் சொல்லுங்க" என்று வாயால் சொல்லிவிட்டால் சத்தம் பாதியாகக் குறையும். கையில் நிறப் பட்டையைக் கட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனால் குறையாது.

டாக்டரையோ நர்ஸையோ அடிக்கிற அளவுக்குப் போவது வேறு விஷயம். அதற்குத் தமிழ்நாட்டில் 2008-இலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது.

நாங்கள் உறவினர்கள். கேள்வி இருந்தால் யாரிடம், எப்போது கேட்பது?

உங்களில் ஒருவரை மட்டும் பேசுகிறவராக வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன், சித்தப்பா, மாமா என்று நான்கு பேர் தனித்தனியாக வந்து கேட்டால் டாக்டர் ஒரே பதிலை நான்கு தடவை சொல்வார், ஐந்தாவது நோயாளிக்கு அந்த நேரம் போய்விடும். கேட்க வேண்டியதைச் சேர்த்து வையுங்கள். வழி, எக்ஸ்ரே, சீட்டு, காப்பீட்டு அட்டை பற்றியெல்லாம் வாசலில் இருக்கிறவரிடமோ நர்ஸிடமோ கேளுங்கள். உடம்பு நிலை பற்றி டாக்டரிடமே கேளுங்கள், அது உங்கள் உரிமை. "சார், நீங்க ஃப்ரீ ஆனதும் ரெண்டு நிமிஷம் பேசணும், நான் இந்தத் தூண்கிட்ட நிக்கிறேன்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் பெரும்பாலான டாக்டர்கள் தேடி வந்து பேசுவார்கள்.

நர்ஸ்களாகிய எங்களையும் இதே போல நடுவில் கூப்பிடுகிறார்கள், அதைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

பேச வேண்டும். டாக்டருக்குச் சொன்னது அத்தனையும் நர்ஸுக்கும் பொருந்தும். வெஸ்ட்புரூக் குழுவே 2010-இல் நர்ஸ்கள் மருந்து கொடுப்பதைக் கவனித்தது: ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் நடைமுறைத் தவறு (நோயாளி யார் என்று சரிபார்க்காதது போன்றவை) 12.1 சதவீதமும் மருத்துவத் தவறு (டோஸ் மாறுவது போன்றவை) 12.7 சதவீதமும் கூடியது. மருந்து ஏற்றுகிற சிஸ்டரைக் கூப்பிடுகிற டாக்டர்களும் இதை மனதில் வைக்க வேண்டும்.

"தொந்தரவு செய்யாதீர்கள்" என்று எழுதிய சட்டையைப் போட்டுக்கொண்டால் சரியாகுமா?

சிட்னியிலேயே செய்து பார்த்தார்கள், 2017-இல் வெளிவந்தது. நர்ஸ்கள் மருந்து கொடுக்கும்போது அப்படி எழுதிய மேலங்கி போட்டார்கள். 100 தடவை மருந்து கொடுத்தால் 50 ஆக இருந்த தேவையற்ற குறுக்கீடு 34 ஆகக் குறைந்தது. ஆனால் போட்டுக் கழற்ற நேரம் ஆகிறது, புழுக்கமாக இருக்கிறது என்றார்கள். இதை நிரந்தரமாக வைக்கலாம் என்று சொன்னவர்கள் பாதிப் பேர் கூட இல்லை. சித்திரை வெயிலில் தருமபுரி கேஷுவாலிட்டியில் இது ஒத்துவராது என்பது என் கருத்து.

எனக்குப் பிடித்த யோசனை விமானத்துறையில் இருக்கிறது. அமெரிக்காவில் 1981-இலிருந்து ஒரு விதி: விமானம் 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது, ஏறும்போதும் இறங்கும்போதும், விமானிகள் விமானத்தை ஓட்டச் சம்பந்தமில்லாத எதையும் பேசக் கூடாது. நாள் முழுக்க மௌனம் வேண்டாம், ஆபத்தான கட்டத்தில் மட்டும் போதும். நமக்கும் அப்படிச் சில கட்டங்களைக் குறித்துக்கொள்ளலாம். தொண்டையில் டியூப் போடும்போது, டோஸ் கணக்குப் போடும்போது, பாம்பு விஷமுறிவு மருந்து ஏற ஆரம்பிக்கிற முதல் சில நிமிடங்கள், ஷிஃப்ட் ஒப்படைக்கும்போது. அப்புறம் இன்னொன்று, குடும்பத்திடம் இறப்பைச் சொல்லும்போது.

கடைசியாகச் சொன்னது பட்டியலில் பெரும்பாலும் இருக்காது, நான் சேர்ப்பேன். "உங்க பையனைக் காப்பாத்த முடியலைங்கம்மா" என்று சொல்லத் தொடங்கும் நேரத்தில் பின்னாலிருந்து ஒருவர் கையெழுத்துக்குத் தாளை நீட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தாயின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. அந்த இரண்டு நிமிடத்துக்கு டாக்டரின் போனை ஒரு நர்ஸ் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், கதவருகில் ஒருவர் நிற்க வேண்டும்.

ஷிஃப்ட் ஒப்படைக்கும்போது என்ன பிரச்சினை?

இரவு முழுக்கப் பார்த்த டாக்டர் காலையில் வருகிறவரிடம் ஒவ்வொரு பெட்டாகச் சொல்லிக்கொண்டு வருவார். நான்காவது பெட்டில் யாராவது கூப்பிட்டால் மறுபடி ஐந்தாவதிலிருந்து தொடங்கிவிடுவார்கள். நான்காவது பெட்டுக்காரருக்கு மதியம் வரை யாரும் ரிப்போர்ட் பார்க்க மாட்டார்கள். ஒப்படைக்கும் நேரம் புது நோயாளிகளை மூன்றாவது ஒருவர் பார்க்கட்டும். கேட்டுக்கொள்கிறவர் கேட்டதைத் திருப்பிச் சொல்லட்டும். எழுதி வைத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசட்டும்.

நான் ஹவுஸ் சர்ஜன். குறுக்கீட்டைத் தவிர்க்கவே முடியவில்லை. திரும்பி வரும்போது எப்படிச் சமாளிப்பது?

தம்பி, தங்கச்சி, முதலில் ஒன்று: இது உங்கள் திறமைக் குறைவு இல்லை. மனித மூளை ஒரு நேரத்தில் கையில் வைத்துக்கொள்ளக் கூடியது கொஞ்சம்தான், சீனியருக்கும் அப்படித்தான்.

கூப்பிட்டவுடன் திரும்பாதீர்கள். "ஒரு நொடி" என்று சொல்லி, செய்துகொண்டிருந்த வேலையில் அடுத்து என்ன என்பதை வாயால் சொல்லுங்கள் அல்லது உள்ளங்கை நோட்டில் ஒரு சொல் எழுதுங்கள்: "அடுத்து 12 ஆம்பியூல், 2.35-க்கு". அதன் பிறகு திரும்புங்கள். திரும்பி வந்ததும் நினைவிலிருந்து தொடராதீர்கள், எழுதியதிலிருந்து தொடருங்கள். மருந்துச் சீட்டாக இருந்தால் முதல் வரியிலிருந்து மறுபடி படியுங்கள், பெயரும் வயதும் உட்பட. பாதி நிரப்பிய சிரிஞ்சை லேபிள் இல்லாமல் கீழே வைக்காதீர்கள், சந்தேகம் வந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எடுங்கள். கையுறை போட்டுத் தையல் போடும்போது போனை எடுக்கவே வேண்டாம், ஸ்பீக்கரில் போடச் சொல்லியும் பேச வேண்டாம்.

அவசரமில்லாத கேள்விக்கு "இது முடிச்சுட்டு வர்றேன் சிஸ்டர், அஞ்சு நிமிஷம்" என்று சொல்லப் பழகுங்கள். சொன்னால் ஐந்து நிமிடத்தில் போயே ஆக வேண்டும். போகாவிட்டால் அடுத்த தடவை யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

போனும் வாட்ஸ்அப்பும்?

கேஷுவாலிட்டி லேண்ட்லைனை டாக்டர் எடுக்கக் கூடாது, வேறு ஒருவர் எடுத்து எழுதி வைக்க வேண்டும். விதிவிலக்கு ஒன்றுதான்: 108 ஆம்புலன்ஸிலிருந்து மோசமான கேஸ் வருகிறது என்று முன்கூட்டியே வரும் அழைப்பு, அதை டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும். எக்ஸ்ரே படத்தை வாட்ஸ்அப்பில் பெரிய டாக்டருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பது நல்ல பழக்கம், ஆனால் அதே போனில் குடும்பக் குரூப், பேட்ச் குரூப், ஆஸ்பத்திரி குரூப் எல்லாம் கூவிக்கொண்டிருந்தால் எது அவசரம் என்று தெரியாது. டியூட்டி நேரத்தில் மற்ற குரூப்களை ஊமையாக்கி வையுங்கள்.

நிர்வாகம் ஒரே ஒரு விஷயம் செய்யலாம் என்றால் எது?

வாசலில் ஒரு ஆள். விவரம் தெரிந்த, பொறுமையாகப் பேசுகிற, மூன்று மொழி ஓரளவு தெரிந்த ஒருவர், 24 மணி நேரமும் ஷிஃப்ட் முறையில். கருவி வாங்க ஆகிற செலவோடு ஒப்பிட்டால் இந்தச் சம்பளம் ஒன்றுமே இல்லை. அரை மணிக்கு ஒரு தடவை உள்ளே வந்து நர்ஸிடம் கேட்டு, வெளியே இருக்கிற ஒவ்வொரு குடும்பத்திடமும் என்ன நடக்கிறது என்று சொல்வதுதான் வேலை. ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல்லில் கூட்டம் கூடுகிற நாட்களிலும், தை மாதம் எருது விடும் விழாக்கள் நடக்கிற நாட்களிலும் இரண்டு பேர் வேண்டும், அந்த நாட்கள் எவை என்று காலண்டரிலேயே இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு வருமுன் நாங்கள் என்ன செய்தால் டாக்டருக்கு உதவி?

டாக்டர் விவரம் தேடி வெளியே வருவதும் ஒரு குறுக்கீடுதான், அதை நீங்கள் குறைக்கலாம். சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளை ஒரு கவரில் போட்டு எடுத்து வாருங்கள், "சர்க்கரைக்கு ஒரு வெள்ளை மாத்திரை" என்றால் கண்டுபிடிக்க முடியாது. பூச்சிமருந்து என்றால் பாட்டிலை, லேபிளோடு. பாம்பு கடித்திருந்தால் கடித்த நேரம் முக்கியம், பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டு வர வேண்டாம், அதில் இன்னொருவர் கடிபடுவார், தூரத்திலிருந்து எடுத்த போட்டோ இருந்தால் காட்டுங்கள். கை கால் இழுத்துக்கொண்டது என்றால் கடைசியாக அவர் எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று பார்த்தவரையே கூட்டி வாருங்கள், ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரம்தான் கணக்கு. எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாது என்றால் அதை முதல் வரியாகச் சொல்லுங்கள், யாரும் கேட்காவிட்டாலும்.